மாம்பழம் காயாகத் தெரியாமல் இருக்க: மை அடர்த்தியும் கர்வும் சரிசெய்யும் முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் தூக்கம் குறைவு. மாங்கூழ் ஆலைகள் ஓடத் தொடங்கும். 3.1 கிலோ டின்னுக்கு லேபிள், மண்டிகளுக்கு பில் புத்தகம், இடையே முகூர்த்தப் பத்திரிகை என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அப்படி ஒரு சீசனில் நான் அடித்துக் கொடுத்த லேபிளைக் கையில் வாங்கிய வாடிக்கையாளர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணா, இது பழமா, காயா?"

திரையில் பொன்னிறமாக இருந்த அல்போன்சா, தாளில் பச்சை ஏறிக் கிடந்தது. உடனே சயான் என்ற இளநீல மையைக் குறைத்தேன். பழம் தேறியது. ஆனால் அதே லேபிளின் மேலே ஓடிய அடர்நீலப் பட்டை சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது. மையை ஏற்றினால் பட்டை சரி, பழம் காய். குறைத்தால் பழம் சரி, பட்டை போச்சு. இரண்டாயிரம் தாள் வீணான பிறகுதான் புரிந்தது, நான் திருகிக்கொண்டிருந்தது தப்பான கீ என்று.

சாலிட் வேறு, நடுத்தொனி வேறு. சாலிட் என்பது முழுதாக மை பரவும் இடம்; நடுத்தொனி என்பது சின்னச் சின்னப் புள்ளிகளாக மை விழும் இடம். நீலப் பட்டை சாலிட். அதன் அடர்த்தியை மிஷினில் மையைக் கூட்டிக் குறைக்கும் மை கீ தீர்மானிக்கிறது. பழத்தின் நிழல் பக்கத்தில் இருக்கும் 15, 20 சதவீதச் சயான் புள்ளிகள் தாளில் எவ்வளவு பெருக்கின்றன என்பதுதான் பழத்தின் நிறம். அதைக் கர்வ்தான், அதாவது ஃபைலில் உள்ள புள்ளியைப் பிளேட்டில் எந்த அளவில் வெட்டுவது என்ற அட்டவணைதான் கட்டுப்படுத்த வேண்டும். ஒன்றின் கோளாறை இன்னொன்றால் சரிசெய்யப் போனால் முடிவே கிடையாது. இந்த வழிகாட்டி முழுக்க இதன் விரிவுதான். சின்ன ஊர் ஆஃப்செட் அச்சகத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்: ஒற்றை வண்ண மிஷினோ இரண்டு வண்ண மிஷினோ, வெளியே சி.டி.பி. சென்டரில் (கணினி ஃபைலிலிருந்து நேராகப் பிளேட் வெட்டித் தரும் இடம்) அடித்து வாங்கும் பிளேட், மை அடர்த்தியை அளக்கும் ஒரு டென்சிட்டோமீட்டர்.

எண் என்ன சொல்கிறது

அடர்த்தி என்பது மடக்கை எண். தாளில் விழும் ஒளியில் பாதி திரும்பி வந்தால் 0.30. பத்தில் ஒரு பங்கு வந்தால் 1.00. நூற்றில் ஒரு பங்கு வந்தால் 2.00. சயான் சாலிட் 1.40 என்றால் அந்த மைக்குரிய ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் திரும்புகிறது. 'அந்த மைக்குரிய ஒளி' என்பதைக் கவனியுங்கள். கருவி சயானைச் சிவப்பு ஃபில்டர் வழியாகவும், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு மையைப் பச்சை வழியாகவும், மஞ்சளை நீலம் வழியாகவும் பார்க்கிறது. மஞ்சள் கூடியதா குறைந்ததா என்று வெறும் கண்ணால் சொல்வது கஷ்டம் என்பதற்கும் காரணம் இதுதான். மாற்றம் நடப்பது நீல ஒளியில். நம் கண் அங்கே அவ்வளவு கூர்மையில்லை. கருவி கைவசம் இல்லாத நேரத்தில் ஒரு நீலக் கண்ணாடித் தாளை வைத்துப் பாருங்கள், மஞ்சளின் ஏற்ற இறக்கம் சாம்பல் நிறமாகத் தெளிவாகத் தெரியும்.

புள்ளி பெருப்பதை டாட் கெயின் என்கிறோம். பிளேட்டில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி, மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட்டுக்கும் தாளுக்கும் நடுவே நசுங்கி, தாளுக்குள் ஒளி சிதறுவதாலும் சேர்த்து, 66 ஆகவோ 70 ஆகவோ தெரியும். இது குற்றமல்ல, இயல்பு. டிசைனர் அனுப்பும் ஃபைல் ஒரு குறிப்பிட்ட அளவு பெருக்கும் என்று எதிர்பார்த்தே தயாராகிறது. போக்ரா 51 என்ற நிறத்தர புரொஃபைலில் வரும் ஃபைலுக்கு, 2013-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 12647-2 தரப்படி, 50 சதவீதத்தில் 16 கூட வேண்டும். அதாவது தாளில் 66. பழைய போக்ரா 39-க்கு இலக்கு சற்றே வேறு. டிசைனர் எதில் செய்தார் என்று கேட்காமல் வேலையில் இறங்காதீர்கள்.

முதலில் மிஷின், அப்புறம்தான் கர்வ்

கர்வ் போடுவது கடைசி வேலை. மிஷினில் இருக்கும் நோயைக் கர்வுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், ஒரு மாதம் கழித்து நோய் குணமாகும்போது கர்வ் தப்பாகிவிடும். ரோலர் அழுத்தம், பிளாங்கெட்டின் இழுப்பு, பேக்கிங் ஷீட்டின் கனம், இம்ப்ரெஷன் இவற்றைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள். தாள் சரியாகப் பிடிக்கவில்லை என்று இம்ப்ரெஷனை ஒரு சுற்று கூட்டிவிடுவது நம் பக்கத்தில் பழக்கம். அந்த ஒரு சுற்று புள்ளியை நன்றாகவே பெருக்கிவிடும். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள்: புள்ளி வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் வால் விட்டிருக்கிறதா, பக்கத்தில் மங்கலாக இன்னொரு நிழல் விழுந்திருக்கிறதா? வாலும் நிழலும் இருந்தால் அது மிஷின் கோளாறு, கருவி அதையும் டாட் கெயின் என்றே காட்டும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரின் குணம் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் வந்தது. அச்சுக்குத் தொந்தரவு தருவது ஃப்ளோரைடு அல்ல, உப்பும் சுண்ணாம்பும். பிளேட்டை ஈரமாக்கும் ஃபவுண்டன் கரைசலைக் கடினத் தண்ணீரில் கலந்தால் அதன் பி.எச். மெல்ல ஏறும். சுண்ணாம்பு ரோலரில் பளபளப்பாகப் படிந்து மையைத் தள்ளும். மை சரியாக ஏறவில்லை என்று ஆபரேட்டர் கீயைத் திறப்பார், பிறகு தண்ணீரைக் கூட்டுவார், அடர்த்தி ஒரு நிலையில் நிற்காது. நிலையில்லாத மிஷினில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. எங்கள் அச்சகத்தில் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிய பிறகுதான் அடர்த்தி ஒரு இடத்தில் நின்றது. ஆர்.ஓ. தண்ணீர் என்றால் மென்நீருக்கான ஃபவுண்டன் மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். கலவையின் பி.எச். 4.8 முதல் 5.3 வரை இருக்கட்டும். கடத்துதிறன் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். புதுக் கரைசலின் எண்ணைக் குறித்து வைத்து, அது ஏறிக்கொண்டே போனால் தொட்டியைக் கழுவி மாற்றுங்கள்.

சரியான சாலிட் எது

பளபளப்பான ஆர்ட் பேப்பரில், ஸ்டேட்டஸ் டி என்ற அளவு முறையில் அளந்தால், கறுப்பு 1.70 அருகில், சயான் 1.40, மெஜந்தா 1.45, மஞ்சள் 1.00 முதல் 1.05 வரை என்று தொடங்கலாம். உங்கள் கருவி ஸ்டேட்டஸ் இ-யில் இருந்தால் மஞ்சள் மட்டும் வெகுவாகக் கூடிக் காட்டும். இரண்டு அச்சகக்காரர்கள் போனில் எண்களைப் பரிமாறிக்கொண்டு குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் சயானும் மெஜந்தாவும் 1.00 பக்கம் வந்தாலே போதும். ஆர்ட் பேப்பரின் எண்ணை அதில் எட்டிப் பிடிக்கப் பார்த்தால் மை காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

இவை தொடக்க எண்கள் மட்டுமே. உங்கள் மைக்கும் உங்கள் தாளுக்கும் உரிய எண்ணைக் கண்டுபிடிக்க டென்சிட்டோமீட்டரே போதும். சாலிட் அடர்த்தியிலிருந்து 75 சதவீதப் புள்ளிகளாக அச்சான கட்டத்தின் அடர்த்தியைக் கழித்து, சாலிட் அடர்த்தியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். இதற்குப் பிரிண்ட் கான்ட்ராஸ்ட் என்று பெயர். கீயைப் படிப்படியாகத் திறந்துகொண்டே தாள் எடுத்து அளங்கள். சயானுக்கு ஓர் உதாரணம்: சாலிட் 1.25, கட்டம் 0.79 என்றால் 37. சாலிட் 1.40, கட்டம் 0.87 என்றால் 38. சாலிட் 1.55, கட்டம் 1.04 என்றால் 33. அதாவது 1.40-ஐத் தாண்டியதும் சாலிட் கொஞ்சமாகவும் இருண்ட பகுதிகள் வேகமாகவும் ஏறுகின்றன, நிழல் விவரங்கள் அடைபடுகின்றன. உச்சி எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் சாலிட். அதை அந்தத் தாளின் பெயரோடு எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். ஸ்பெக்ட்ரோ கருவி உள்ளவர்கள் இதே இடத்தில் நிறத்தைக் குறிக்கும் லேப் எண்களையும் தரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஈர மையும் காய்ந்த மையும் ஒரே எண் காட்டாது; காய்ந்ததும் பளபளப்பு இறங்கி அடர்த்தி சற்று குறையும். போலரைசிங் ஃபில்டர் உள்ள கருவியில் இந்த வித்தியாசம் குறைவு. எதில் அளந்தாலும் சரி, எப்போதும் அதே நிலையில் அளங்கள். காலையில் ஈரம், மாலையில் காய்ந்தது என்று கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

சோதனைத் தாள்

இப்போது பிளேட். சி.டி.பி. சென்டருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி: "பிளேட் லீனியராக வேண்டும், அச்சுக் கர்வ் எதுவும் போடாதீர்கள்." பல சென்டர்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக ஒரு கர்வை நிரந்தரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். அது தெரியாமல் அதன் மேல் இன்னொன்றைக் கட்டினால் இரண்டும் சேர்ந்து நடுத்தொனியை வெளுத்துவிடும். லீனியர் என்றால் ஃபைலில் 50 இருப்பது பிளேட்டிலும் 50-ஆக இருப்பது. பிளேட்டைப் பிளேட் மீட்டரில்தான் அளக்க வேண்டும், தாள் அளக்கும் டென்சிட்டோமீட்டர் அங்கே சரிப்படாது. சென்டரில் இருக்கும் மீட்டரில் அளந்து, 49-க்கும் 51-க்கும் நடுவே இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

சோதனைத் தாளில் நான்கு நிறங்களுக்கும் தனித்தனியே 5, 10, 20, 25, 30, 40, 50, 60, 70, 75, 80, 90, 100 என்று கட்டங்கள் வேண்டும். அவை தாளின் இடது, நடு, வலது மூன்று இடத்திலும் வரட்டும். சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்ந்த சாம்பல் கட்டமும், பக்கத்திலேயே கறுப்பு 50 கட்டமும் வேண்டும். மீதி இடத்தில் நிஜப் படங்கள்: ஒரு முகம், ஒரு மாம்பழம், ஒரு பட்டுப்புடவை. எண்கள் சரியாகி முகம் தப்பாக இருந்தால் எங்கோ தவறியிருக்கிறோம் என்று அந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

வழக்கமாக ஓட்டும் அதே தாள், அதே மை, அதே வேகம். மிஷின் சூடேறும் வரை ஓட்டிய பிறகே அளவு எடுங்கள். மை, தண்ணீர் இரண்டும் நிலைபெற முந்நூறு தாளாவது போகும். அதன்பின் ஐம்பது தாளுக்கு ஒன்றாக ஐந்தாறு தாள் எடுத்து எண் போட்டு வையுங்கள். ஒற்றை வண்ண மிஷினில் இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஒவ்வொரு நிறமும் தனி ஓட்டம், அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சாலிட் நீங்கள் முடிவு செய்த எண்ணில் 0.05-க்குள் நின்ற தாள்களை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். சாலிட் தவறிய தாளில் எடுத்த நடுத்தொனி அளவு உங்களை ஏமாற்றும்.

அளப்பதும் கணக்கும்

டென்சிட்டோமீட்டரே சதவீதத்தைக் காட்டிவிடும். அது உள்ளே போடும் கணக்கு 1936-இல் வெளிவந்த முரே–டேவிஸ் சூத்திரம். ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் கருவி மேல் நம்பிக்கை வரும். தாளின் அடர்த்தியைக் கழித்த பிறகு சாலிட் 1.40, 50 சதவீதக் கட்டம் 0.48 என்று வைத்துக்கொள்வோம். 0.48-க்கு ஒளித்திருப்பல் 0.331, ஒன்றிலிருந்து கழித்தால் 0.669. 1.40-க்குத் திருப்பல் 0.040, கழித்தால் 0.960. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.697. ஆக 50 என்று அனுப்பியது 70 ஆக அச்சாகியிருக்கிறது. வேண்டியது 66.

கர்வ் கணக்கு தலைகீழ்க் கணக்கு. "50 அனுப்பினால் என்ன வந்தது" என்று தெரியும். "66 வர என்ன அனுப்ப வேண்டும்" என்பதே கேள்வி. சோதனைத் தாளில் 40 என்ற கட்டம் 59 ஆகவும், 50 கட்டம் 70 ஆகவும் வந்திருக்கிறது. 66 இவை இரண்டுக்கும் நடுவே விழுகிறது. 59-லிருந்து 66-க்கு 7 படி. மொத்தம் 11 படி. பத்தில் அந்தப் பங்கு 6.4. ஆகவே பிளேட்டில் 46 இருந்தால் தாளில் 66 வரும். ஃபைலில் 50 என்று வரும்போதெல்லாம் பிளேட்டில் 46 போட வேண்டும். கர்வ் என்பது இவ்வளவுதான்.

இதே மாதிரி 25-க்கு இலக்கு 36 என்று வைத்தால், 20 கட்டம் 32 ஆகவும் 25 கட்டம் 39 ஆகவும் வந்ததைக் கொண்டு 23 கிடைக்கும். 75-க்கு இலக்கு 88 என்றால், 70 கட்டம் 87, 75 கட்டம் 90 என்பதிலிருந்து 72 கிடைக்கும். 0 எப்போதும் 0, 100 எப்போதும் 100. சாலிடைக் கர்வில் 98, 97 என்று வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்; அது எழுத்துகளின் ஓரத்தைச் சொரசொரப்பாக்கும், சாலிடுக்குள் ஊசித் துளை விழும். சாலிட் மிஷினின் பொறுப்பு, அதைக் கர்வில் தொடவே கூடாது.

எல்லாக் கட்டத்தையும் அப்படியே உள்ளே போட்டுவிடாதீர்கள். ஒரு தூசியால் 60 கட்டம் மட்டும் ஒரு படி தவறியிருந்தால், கர்வில் அங்கே ஒரு மேடு விழும். வானத்தில் போகும் நிறச்சரிவில் அந்த மேடு கோடாகத் தெரியும். மூன்று இடத்து அளவையும் ஐந்து தாள் அளவையும் சராசரி எடுங்கள். 10, 25, 50, 75, 90 போதும், நடுவில் மென்மையாக வளைந்து போகட்டும். மெல்லிய பகுதியில் கவனம் வேண்டும்: 3 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் பிளேட்டில் புள்ளியே நிற்காது, முகத்தில் வெளிச்சம் படும் இடம் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும்.

ஃபைலைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளில் எண் போடும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சில மென்பொருள் "அளந்த மதிப்பு" கேட்கும். அங்கே 70 என்று போட வேண்டும், கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். சில "பிளேட் மதிப்பு" கேட்கும், அங்கே 46. ஒன்றை இன்னொன்றின் கட்டத்தில் போட்டால் திருத்தம் எதிர்ப்பக்கம் போய்ப் புள்ளி குறைவதற்குப் பதில் இன்னும் பெருக்கும். சி.டி.பி. சென்டருக்கு வாட்ஸப்பில் வெறும் எண்களை அனுப்பாதீர்கள். "ஃபைல் 50, பிளேட் 46" என்று இரண்டையும் எழுதி அனுப்புங்கள். வெட்டிய பிளேட்டை அங்கேயே அளக்கச் சொல்லிப் படம் கேளுங்கள்.

சாம்பல்தான் சாட்சி

நான்கு நிறத்துக்கும் தனித்தனிக் கர்வ் போட்ட பிறகு புதுப் பிளேட்டில் திரும்ப ஓட்டுங்கள். சாலிட் அதே எண். 50 கட்டம் 66-க்கு மூன்று நான்கு படிக்குள் வந்தால் போதும். ஆனால் தனித்தனியே சரியாக இருப்பதைவிட முக்கியம், மூன்றும் ஒன்றாக நடப்பது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றின் பெருக்கத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றும் இரண்டு படி கூடினால் படம் கொஞ்சம் இருண்டதாகத் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். சயான் மட்டும் ஐந்து படி கூடினால் மாம்பழம் காயாகும், மணப்பெண்ணின் முகம் வெளிறும்.

அதற்குத்தான் அந்த 50, 40, 40 கட்டம். பக்கத்தில் இருக்கும் கறுப்பு 50 கட்டத்தோடு ஒப்பிடுங்கள். நீலமாகத் தெரிந்தால் சயானின் நடுத்தொனியைக் கர்வில் ஒரு படி இறக்குங்கள். செம்மை என்றால் மெஜந்தாவை. பழுப்பு கலந்த மஞ்சள் என்றால் மஞ்சளை. ஒரு தடவைக்கு ஒரு நிறம், ஒரு படி. பச்சை என்றால் முதலில் மெஜந்தா குறைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். என் லேபிளில் நடந்தது பாதி அதுதான்: சயான் கூடியதோடு மெஜந்தா பிளாங்கெட் தேய்ந்து புள்ளி இறங்கியிருந்தது. புது பிளாங்கெட் மாற்றியதும் கர்வில் செய்ய வேண்டிய திருத்தம் பாதியாகக் குறைந்தது.

சாம்பலைப் பார்க்கும் வெளிச்சம் 5000 கெல்வின் விளக்காக இருக்கட்டும். வழக்கமான டியூப்லைட் 6500 கெல்வின். அதன் கீழ் சரியாகத் தெரிந்த சாம்பல் வேறு வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியலாம். அப்படி ஒரு விளக்கு வாங்கும் செலவு, வீணாகும் ஒரு ரீம் ஆர்ட் பேப்பரைப் பார்த்தால் பெரிதில்லை.

எத்தனை கர்வ் வேண்டும்

தாள் வகைக்கு ஒன்று: ஆர்ட் பேப்பர், மேப்லித்தோ, டூப்ளெக்ஸ் போர்டு. ஸ்கிரீன் மாறினால் தனி. அங்குலத்துக்கு 150 கோடு என்ற ஸ்கிரீனில் போட்ட கர்வ் 175-க்குப் பொருந்தாது, கோடு கூடினால் புள்ளியும் அதிகம் பெருக்கும். மை கம்பெனி மாறினால் சோதனை ஓட்டம் மறுபடியும். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கர்வ் போட ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் எது எதற்கு என்று சென்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கர்வுக்குப் பெயர் வைக்கும்போது தாள், கோடு, மாதம் மூன்றும் பெயரிலேயே வரட்டும்: "ஆர்ட் 130, 175 கோடு, ஜனவரி" என்பது போல.

மாதத்தைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜனவரிக் குளிரில் போட்ட கர்வ் மே மாதத்தில் அப்படியே நிற்காது. வெயிலில் ரோலர் சூடேறி மையின் பிசுபிசுப்பு இறங்கும், புள்ளி கூடுதலாகப் பெருக்கும். ஏ.சி. போட்ட மிஷின் அறை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம். தகரக் கூரைக்குக் கீழே ஓட்டும் நமக்குப் பெரிய விஷயம். நம் ஊரில் மாங்கூழ் சீசன் வருவதோ சரியாக அந்த வெயிலில். அதனால் லேபிள் வேலை தொடங்குவதற்கு முன், ஏப்ரல் முதல் வாரத்தில், மதியம் இரண்டு மணி வெயிலில் ஒரு சோதனை ஓட்டம் ஓட்டுங்கள். 50 கட்டம் 66-ஐவிட நான்கு படிக்கு மேல் கூடிக் காட்டினால் முதலில் மையின் கெட்டித்தன்மையைப் பற்றி மை சப்ளையரிடம் பேசுங்கள், வெயிலுக்கு ஏற்ற மை கிடைக்கும். அப்படியும் நிற்காவிட்டால் "ஆர்ட் 130, 175 கோடு, ஏப்ரல்" என்று இன்னொரு கர்வ் போட்டு, ஜூலைக் கடைசியில் லேபிள் ஓட்டம் முடிந்ததும் ஜனவரிக் கர்வுக்குத் திரும்பச் சொல்லி சென்டருக்கு மறக்காமல் எழுதிவிடுங்கள்.